பிறர் பொருட்டு வேண்டுதல்

1884-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விசுவநாத தத்தர் காலமானார். கல்கத்தாவில் அவரது குடும்பம் கடனிலும் வறுமையிலும் ஆழ்ந்தது. மூத்த மகன் நரேந்திரர், பின்னாளில் சுவாமி விவேகானந்தர், வேலை தேடி அலைந்தும் பயனில்லை. தாயும் உடன்பிறந்தோரும் பசித்திருக்கக் காணப் பொறாமல், அவர்களுக்காகத் தேவியிடம் முறையிடுமாறு ஸ்ரீராமகிருஷ்ணரை வேண்டினார். தம்மால் அவ்வாறு கேட்க இயலாது என்று கூறிய குருதேவர், அவரையே சென்று கேட்குமாறு பணித்தார். அன்று செவ்வாய்க்கிழமை. இரவில் மும்முறை தட்சிணேசுவரத்துக் காளி சன்னதிக்குள் சென்ற நரேந்திரர், மும்முறையும் விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே வேண்டி வந்தார். முதலிரு முறை வந்த காரியம் மறந்துபோயிற்று. மூன்றாம் முறை நினைவிருந்தும் கேட்க நாணம் தடுத்தது.

சொற்பொழிவுகளில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது, அது நியாயமன்று. சுவாமி சாரதானந்தரின் ‘லீலாப்ரசங்கம்’ மேலும் சொல்கிறது. வெளியே வந்த நரேந்திரர் குருதேவரை விடவில்லை. தம் வீட்டாரின் பசி தீர அவரே அருள வேண்டும் என்று மன்றாடினார். எளிய உணவுக்கும் உடைக்கும் அவர்களுக்கு ஒருபோதும் குறைவிராது என்ற வாக்கைப் பெற்ற பின்னரே அமைந்தார்.

தன் பசியை ஒருவன் துறக்கலாம். தாயின் பசியைத் துறக்க அவனுக்கு உரிமை ஏது? தனக்கென்று எதுவும் கேளாத உள்ளம் பிறர்க்காகச் சோற்றைக் கேட்பதில் முரண்பாடு எதுவுமில்லை. வினைப்பயன்படியே யாவும் நடக்குமெனில் வேண்டுதல் எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. தம் குழந்தை காய்ச்சலில் கிடக்கும் இரவில் இவ்வாதம் எவருக்கும் தோன்றுவதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையென்றால்தான் தோன்றுகிறது.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டுமெனத் தந்தை நேர்ந்துகொள்கிறார். மகனுடைய நாட்டமோ இசையில். அந்த வேண்டுதல் யாருக்காக? அன்பு மிகுந்த இடத்தில்தான் நம் விருப்பம் பிறர் நலனின் வேடம் பூணுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் பாலியில் இயற்றிய ‘விசுத்திமக்கம்’ என்னும் நூல், மைத்திரி தியானம் பயில்பவரை மிக நெருங்கிய அன்பரிடமிருந்து தொடங்க வேண்டாம் என்று தடுக்கிறது. அவருக்குச் சிறு துன்பம் நேர்ந்தாலே கண்ணீர் வந்துவிடும் என்பது காரணம். பகைவரிடமும் தொடங்கலாகாது, சினம் எழும். ஆகவே முதலில் தன்னையே சான்றாகக் கொள்ள வேண்டும். தான் இன்பத்தை விழைவது போன்றே பிற உயிர்களும் விழைகின்றன என்று உணர்ந்த பிறகு ஆசிரியரையும், அன்பரையும், வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாதவரையும், இறுதியாகப் பகைவரையும் நினைக்கலாம்.

அன்னை ஸ்ரீசாரதாதேவி இத்தகைய படிகளைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. நினைவுக்கு வரும் பிள்ளைகளுக்காகப் பெயர் சொல்லி ஜபம் செய்வார். பெயர் மறந்துபோனவர்களைக் குருதேவரிடம் ஒப்படைத்து, எது நன்மையோ அதை அவர்களுக்குச் செய்யுமாறு வேண்டுவார். இன்னது வேண்டும் என்று அவர் வரையறுக்கவில்லை. முதுமையில், உடல்நலம் குன்றிய நிலையிலும் இரவில் உறங்காமல் ஜபத்தில் அமர்வதைக் கண்டு காரணம் கேட்டபோது, பிள்ளைகள் ஆர்வத்துடன் மந்திரம் பெற்றுச் செல்கிறார்கள், ஆனால் ஒழுங்காக ஜபிப்பதில்லை, ஆகவே அவர்களுக்காகத் தாம் செய்ய வேண்டியிருக்கிறது என்றார்.