நேர்த்திக்கடன் யார் கணக்கில்?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை மொட்டைத் தலையோடு தெருவில் போனால் யாரும் திடுக்கிடுவதில்லை. "பழனியா, திருப்பதியா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். கீமோ ஏற்றி முடி கொட்டிப்போன பிள்ளையின் அம்மா, "பழனிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பேருந்து நிலையத்தில் பார்த்த ஒருவரிடம் பிள்ளையின் மருத்துவ அறிக்கையை ஒப்பிக்கும் கடமை எந்தத் தாய்க்கும் இல்லை என்பதால், இந்தப் பொய்யைப் பெரிதுபடுத்த வேண்டாம். அதோடு அது முழுப் பொய்யும் அல்ல. பழனிக்குப் பாதயாத்திரை வருவதாக அப்பா நேர்ந்திருப்பார். பாட்டி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பார். யாரோ வேளாங்கண்ணி எண்ணெய் கொடுத்திருப்பார்கள். யாரோ நாகூரில் ஓதிய கயிறு வாங்கி வந்து கட்டியிருப்பார்கள். பிள்ளை படுத்துவிட்ட வீட்டில் எந்தச் சாமி என்று யாரும் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் போய், கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடுவது வீண். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த நம்பிக்கைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? அம்மா விரதம் இருந்தால் அவர் வயிறுதான் காய்கிறது. அப்பா வெறுங்காலோடு நடந்தால் அவர் பாதம்தான் கொப்பளிக்கிறது. தம் உடம்பைப் பணயம் வைக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் "கவுண்ட் குறைஞ்சிருக்கு" என்று வார்டில் சொல்லி அனுப்பிய வாரத்திலேயே பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போனால், அந்த நேர்த்திக்கடனைப் பிள்ளையின் ரத்தம் அடைக்க வேண்டியிருக்கிறது. வெள்ளை அணுக்கள் இறங்கிய உடம்புக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிராபத்து. நேர்ந்துகொண்டது பிள்ளை அல்ல. அதற்கு வயது நாலு.

இதையாவது எடுத்துச் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள். உண்மையான சோதனை, நல்ல செய்தி வந்த பிறகுதான் தொடங்குகிறது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஒருவகை ரத்தப் புற்றுநோய், மருத்துவர்கள் ஏ.எல்.எல். என்பார்கள். முறையான சிகிச்சை கிடைத்தால், முதல் மாதம் முடியும்போது நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில் நுண்ணோக்கிக்கு நோய் தென்படுவதில்லை. பிள்ளை பசிக்கிறது என்கிறது, ஓடுகிறது, அண்ணனோடு சண்டை போடுகிறது. "சாமி கண்ணைத் திறந்துருச்சு" என்கிறது வீடு. ஆனால் சிகிச்சை இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி இருக்கிறது: தொடர்ந்து ஊசிகள், முதுகுத்தண்டில் மருந்து, பிறகு தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டால் நோய் அநேகமாகத் திரும்பி வந்துவிடும்.

இந்த அறிவு சும்மா கிடைத்துவிடவில்லை. 1947-48இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்தை உருவாக்கித் தந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. 10 குழந்தைகள் தேறினார்கள். அதுவரை எந்த மருந்தாலும் நடக்காதது அது. ஆனால் தேறியவர்களிடமும் நோய் திரும்பியது. ஃபார்பரின் கட்டுரைத் தலைப்பே அதைத் தற்காலிக முன்னேற்றம் என்றுதான் சொன்னது. இன்று ஒரு பிள்ளை வாரந்தோறும் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட், அந்த அமினாப்டெரினின் உடன்பிறப்பு. நன்றி சொல்லும் பட்டியலில் அந்த 16 பேரும் இடம்பெற வேண்டியவர்கள்.

சரி, பிள்ளை ஓடியாடும்போது மாத்திரையை நிறுத்துகிற பெற்றோரை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதி முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைத் தாங்கினாலும், அப்பாவின் நாள்கூலி போகிறது. ஊரிலிருந்து வந்துபோகும் செலவு இருக்கிறது. பெரிய பிள்ளை படிப்பை விட்டுவிட்டுச் சித்தி வீட்டில் கிடக்கிறது. "இனிமே எங்களால முடியலைங்க" என்று சொல்ல மானம் தடுக்கும். "சாமி குணமாக்கிட்டாரு" என்று சொல்லத் தடுக்காது. பல வீடுகளில் பக்தி போலத் தெரிவது காலியான கைதான். அங்கே அறிவுரையைவிடப் பயணப்படியும் தங்குமிடமும்தான் பிள்ளையைத் திரும்ப அழைத்துவரும். அதைச் செய்யாத ஊருக்கு அந்த அப்பாவைத் திட்டும் தகுதி இல்லை.

வசதி இருந்தும் நிறுத்துபவர்கள் கதை வேறு. அது தவறுதான். பெற்றோர் உரிமை என்பது பிள்ளையைக் காக்கத் தரப்பட்டது. தம் நம்பிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளப் பிள்ளையின் உடம்பைப் பயன்படுத்த அதில் இடமில்லை. பிரார்த்தனை பலித்ததா என்று பார்க்க மருந்தை நிறுத்துவது, பக்தி மொழியிலேயே சொன்னால், கடவுளைச் சோதிப்பது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மெர்காப்டோப்யூரின் மாத்திரையை 95 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்த குழந்தைகளிடம் நோய் திரும்பும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இருபது நாளில் ஒருநாளுக்கு மேல் மறந்தாலே அந்தக் கணக்குக்குள் வந்துவிடுவோம். தினமும் ராத்திரி, அழுது துப்புகிற பிள்ளைக்கு மறுபடி மாத்திரை கொடுப்பதில் பாதயாத்திரைக்குக் குறையாத பக்தி உண்டு. அதைப் பார்த்துப் புகழ ஊர் திரள்வதில்லை.

வேண்டுதல் மருந்துக்கு எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டேனி தாமஸ் என்ற லெபனான் வம்சாவளி நகைச்சுவை நடிகர், பிழைப்புக்கு வழியில்லாத காலத்தில் புனித யூதா ததேயுவிடம் வழிகாட்டச் சொல்லி, உமக்கொரு ஆலயம் எழுப்புகிறேன் என்று நேர்ந்துகொண்டார். கடைசியில் அவர் எழுப்பியது, 1962இல் மெம்ஃபிஸ் நகரில் திறந்த குழந்தைகள் மருத்துவமனை. அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கலின் குழு பல மருந்துகளையும் மூளைக்கான தடுப்புச் சிகிச்சையையும் சேர்த்துத் தந்ததில்தான், ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பாதிப்பேரைக் காப்பாற்றலாம் என்று 1970களின் தொடக்கத்தில் உலகம் நம்பத் தொடங்கியது.

நம்பிக்கையின் விலையைப் பிள்ளை செலுத்தும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. "நீ தைரியசாலி, அழக்கூடாது", "உனக்கு ஒண்ணுமில்லை, சாமி பார்த்துக்கும்" என்று நாம் சொல்லும் இடம் அது. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர், மூன்று முதல் ஒன்பது வயது வரையிலான ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு இருந்து பார்த்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். யாரும் சொல்லாமலேயே அந்தக் குழந்தைகளுக்குத் தம் நிலைமை தெரிந்திருந்தது. பெற்றோர் மனம் நோகக்கூடாது என்று தெரியாததுபோல் இருந்தார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைக்காக நடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, பிள்ளை பெரியவர்களுக்காக நடித்துக்கொண்டிருக்கக்கூடும். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். கேட்டால் பொய் சொல்லக்கூடாது, அழுதால் தடுக்கக்கூடாது. அந்த அளவு போதும்.

கடைசியாக, குணமான பிறகு. சிகிச்சை முடிந்த நாளில் வார்டில் இனிப்புக் கொடுப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் நோய் திரும்பிய பிள்ளை இருக்கும். கொடுப்பதா வேண்டாமா? கொடுக்கலாம், அந்தப் பிள்ளையின் தாய்க்கும் இன்னொரு பிள்ளை பிழைத்ததைப் பார்க்கும் தேவை இருக்கிறது. சொல்லக்கூடாதது ஒரே ஒரு வாக்கியம்: "நாங்க முழுசா நம்பினோம், அதான்." வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரார்த்தனையின் அளவுக்கேற்ப உயிர் கிடைப்பதாயிருந்தால் இந்த எண்கள் இப்படி இருந்திருக்காது. அந்தத் தாயும் முழுசாகத்தான் நம்பினார். ஏற்கனவே "என்ன பாவம் செஞ்சேனோ" என்று தினமும் தன்னையே விசாரித்துக்கொண்டிருப்பவர் முன்னால், பிழைத்த பிள்ளையைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்த யாருக்கும் உரிமையில்லை.