சீம்பால்

நன்மை செய்கிறோம் என்று நாம் மகிழ்ந்து கொள்ளும் நேரங்களில், அது யாருடைய பங்கிலிருந்து செய்யப்படுகிறது என்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது நூலும் அல்ல, அறிஞரும் அல்லர். பிறந்து 11 நாளே இருந்த ஒரு காளைக்கன்று.

பொள்ளாச்சிப் பக்கத்தில் என் சித்தப்பாவின் பண்ணை. ஆறு கலப்பினப் பசுக்கள்; வீட்டு மனிதர்களே பால் கறந்து, சாணம் அள்ளி, சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம். கல்லூரி விடுமுறையில் போயிருந்த நான் கணக்கு நோட்டை வாங்கிக் கொண்டேன். படித்த பிள்ளை அல்லவா!

அந்த வாரம் இரண்டு பசுக்கள் ஈன்றன. ஒன்று போட்டது கிடாரி, மற்றது காளை. கிடாரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் ஊட்டினோம். பிறகு வேளை தவறாமல் பால். 30 மாதங்களில் அது கறவைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. காளைக்கன்றையோ, மடியில் நாலு வாய் சப்ப விட்டுப் பிடித்துக் கட்டினோம். டிராக்டர் உழுகிற ஊரில் அதற்கு வேலை ஏது? 'வரவில்லாத செலவு' என்று எழுதினேன். அதன் தாய் தலையீற்றுப் பசு, சீம்பால் குறைவு. கறந்ததில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி, தூக்குப்போசியில் நானே வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். "மனசு பெரிய குடும்பம்" என்றார்கள். பெருமையாக இருந்தது.

ஐந்தாம் நாள் காளைக்கன்றுக்குக் கழிச்சல் கண்டது. "சீம்பால் எவ்வளவு குடித்தது?" என்பதே மாட்டு டாக்டரின் முதல் கேள்வி. நோயை எதிர்க்கும் சக்தி தாயின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு நாள் கடந்தால் குடல் அதை ஏற்காது. கன்றின் எடையில் 10-ல் ஒரு பங்கு முதல் நாளில் சேர வேண்டும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். நான் தெருவுக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். 11-ம் நாள் விடியலில் கன்று எழுந்திருக்கவில்லை.

"கிடாரி நன்றாக இருக்கிறதே சித்தி" என்று ஆறுதல் சொன்னேன். சாணம் அள்ளுவதை நிறுத்தாமலே சித்தி கேட்டாள்: "தம்பி, அதுக்கு நாம குடுத்தது பாசமா, முன்பணமா?"

கணக்குப் பார்ப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் பாராத பண்ணை விரைவில் மூடப்படும். பிறகு கிடாரியும் இல்லை, காளையும் இல்லை. ஆனால் கிடாரியிடம் நான் பாலை எதிர்பார்த்தேன். தெருவிடம் பேரை எதிர்பார்த்தேன். திருப்பித் தர ஒன்றுமில்லாத உயிர் எதிரில் நின்றபோது என் கை சுருங்கிவிட்டது. அறத்துக்குச் சோதனை அந்த இடத்தில்தான். மற்ற இடங்களில் நடப்பது நல்ல பெயருள்ள வியாபாரம்.

இப்போது பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கச் செய்யும் சினை ஊசி வந்திருக்கிறது. 100-க்கு 90 கிடாரி என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மீதி 10 கன்றும் பசியோடுதானே பிறக்கும்?

சித்தப்பா வீட்டில் அன்று ஏற்பட்ட வழக்கம் இன்றும் இருக்கிறது. கிடாரியோ காளையோ, முதலில் கன்றுக்கு அளந்து ஊட்டுவார்கள், மிஞ்சினால்தான் தெருவுக்கு. சில ஈற்றுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. "மனசு சுருங்கிப் போச்சு" என்று பேசிக் கொள்கிறவர்களும் உண்டு. சித்தி அதைக் காதில் போட்டுக் கொள்வதில்லை.