வேஷமும் கலியாண உடையும்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பங்கின் ஞானோபதேசப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கண்டி நகருக்குப் போனேன். தலதா மாளிகையை அடுத்துத் தேசிய நூதனசாலை இருக்கிறது. கண்டி அரசர் காலத்தில் அரசியர் வசித்த கட்டிடம் அது. அக்காலத்து உடைகள், ஆபரணங்கள், ஆயுதங்கள் எல்லாம் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. மாளிகை வளவிலேயே இன்னொரு சிறிய நூதனசாலையில் ‘ராஜா’ என்ற கொம்பன் யானை பதப்படுத்தப்பட்டு நிற்கிறது. பல்லாண்டு காலம் எசல பெரஹராவில் புனிதப் பேழையைச் சுமந்து, 1988 ஜூலை மாதம் இறந்த யானை. பிள்ளைகளுக்கு அதை விட்டு வர மனமில்லை. ஆனால் என் மனதில் நின்றது, அரச உடைகளின் முன்னே ஒரு சிறுவன் கேட்ட கேள்விதான்: “சாமி, இத உடுத்துனவங்கள்லாம் எங்க?”

மாலையில் வாவிக்கரை மண்டபமொன்றில் கண்டிய நடனம் பார்த்தோம். பேயாட்டம் பார்க்கச் சாமியாருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்துவிட்டது. அதுவே என் பதில்.

அந்த ஆட்டக்காரர் அணியும் உடைக்கு ‘வெஸ்’ என்று பெயர். தலையில் பளபளக்கும் வெள்ளிக் கிரீடம், காதை மூடும் தகடுகள், மார்பில் மணிகள் கோத்த வலை, காலில் சதங்கை. 64 அணிகள் என்பது வழக்கு. பண்டுவாசுதேவ மன்னனின் நோய் தீர்க்க நடந்த சடங்கிலிருந்து இந்த ஆட்டம் வந்தது என்பது அவர்கள் ஐதிகம். ‘வெஸ்’ என்பது வேறெதுவுமன்று, நம்முடைய ‘வேஷம்’ என்ற சொல்லேதான். ஆனால் பொருள் எவ்வளவு தூரம் போய்விட்டது பாருங்கள்! நாம் ஒருவனைப் பார்த்து “வேஷம் போடுகிறான்” என்றால் அவன் பொய்யன். ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொண்டதும் வெளிவேடக்காரர் என்றுதான். அவர்களுக்கோ அது பரிசுத்தமான உடை. மாணவன் சிறுவயது முதல் ஆண்டுக்கணக்கில் பயிலவேண்டும். பணம் இருக்கிறதென்று வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. பயிற்சி முடிந்தபின் குறித்த நல்ல நேரத்தில் ஒரு மங்கலச் சடங்கு நடக்கும். அதில் குருவே மாணவனின் தலையில் அந்தக் கிரீடத்தைச் சூட்டுவார்.

இதைக் கேட்டபோது மத்தேயு சுவிசேஷத்தின் 22ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அரசன் தன் மகனின் கலியாண விருந்துக்குத் தெருவில் கண்டவர்களையெல்லாம் அழைக்கிறான். பிறகு கலியாண உடை இல்லாமல் வந்த ஒருவனை வெளியே தள்ளச் சொல்கிறான். வகுப்பில் இதை வாசித்தால் யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் விடுவதில்லை: தெருவில் நின்றவனுக்குக் கலியாண உடை ஏது சாமி? அது கடையில் எடுக்கும் துணியன்று, மனமாற்றமும் அன்பும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன். ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் கிறிஸ்துவை அணிந்துகொண்டார்கள் என்ற புனித சின்னப்பரின் போதனையையும் சேர்த்துச் சொல்வேன்.

சொன்ன நானே என்ன செய்தேன்? சென்ற ஆண்டு புதுநன்மைக்கு முன், “பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுண், முக்காடு, வெள்ளைச் சப்பாத்து அணிந்து வரவேண்டும்” என்று பூசை முடிவில் அறிவித்தேன். கோவில் அழகாயிருக்கவேண்டும் என்ற ஆசை. படமும் எடுத்தோம். தோட்டத்துப் பிள்ளையொருத்தி, செபங்களையெல்லாம் பிழையின்றிச் சொன்னவள், வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்து மறந்துவிட்டேன். கண்டியிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த லயத்துக்குப் போனேன். தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலைகுனிந்து சொன்னாள்: “சப்பாத்துக்கும் கவுணுக்கும் காசு சேரல்ல சாமி. அடுத்த வருசம் பாத்துக்கலாமுன்னு இருந்துட்டோம்.”

கலியாண வீட்டு வாசலில் நின்று ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். இதை எழுதாமல் மறைத்தால் அதுவல்லவா வேஷம்!

இதே கண்டிக்கு 1692ஆம் ஆண்டு வந்தவர் புனித யோசேப் வாஸ். குருக்களை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு ஏழையின் வேஷத்தில் இந்தத் தீவில் கால்வைத்தவர். கண்டியில் ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். அப்போது ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். அந்த அரசனுக்கு 1693ஆம் ஆண்டு ஒல்லாந்த தேசாதிபதி பொன்தகடு போர்த்த சிம்மாசனமொன்றைப் பரிசளித்தார். பின்னாளில் ஆங்கிலேயர் அதைக் கொண்டுபோய், 1934ஆம் ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் கொழும்பு நூதனசாலையில் காணலாம். யோசேப் வாஸ் சுவாமியோ 1697ஆம் ஆண்டு அம்மைநோய் பரவியபோது, சொந்தக்காரரே விட்டோடிய நோயாளிகளைக் கழுவித் துடைத்துப் பராமரித்தார். 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறந்தார். 2015ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அவரை அடக்கம்செய்த இடம் இன்னதென்று இன்று அடையாளம் காட்டுவாரில்லை.

கோவிலுக்குத் திரும்பி ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது, கீழே என் கையெழுத்தும் இருந்தது. வெண்ணிற ஆடையை அவள்மேல் போர்த்தியவனும் நானே.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை அவள் புதுநன்மை வாங்கினாள். துவைத்து மடித்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, வெறுங்கால். தாயும் தகப்பனும் பின்னால் நின்றார்கள். இவ்வருட அறிவித்தலில் உடையைப் பற்றிய வரி இராது, பள்ளிச் சட்டையே போதும். ஏற்கெனவே துணி எடுத்துவிட்ட பெற்றோர் என்மேல் வருத்தப்படவேண்டாம். பெயர் கொடுக்காமல் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.