மை தீர்ந்த பேனா

மதரஸாவில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது நம் சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நார்முனை வைத்த பேனா அது. கடைக்காரர் ஃபைபர் டிப் என்பார், பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனா என்பார்கள். கூடு, மூடி, முனை எல்லாம் நன்றாகவே இருந்தன. மை மட்டும் இல்லை. அஸருக்குப் பிறகு காஜிமார் தெருவிலிருந்து டவுன்ஹால் ரோடு வரை நடந்து, நான்கு கடைகளில் ரீபில் கேட்டோம். "அதுக்கெல்லாம் ரீபில் வர்றதில்லை ஹஜ்ரத். பதினஞ்சு ரூபாதானே, புதுசு எடுத்துக்கிடுங்க" என்றார் ஒருவர். மற்றொருவர் சிரித்தார். மஃரிபு பாங்குக்குள் திரும்ப வேண்டியிருந்ததால் புதிதாக ஒன்றை வாங்கி வந்தோம். பழையதை எறியப் போகும்போதுதான் கேள்வி எழுந்தது: இது இஸ்ராஃப் ஆகுமா, ஆகாதா?

ஒரு பேனாவுக்கு இத்தனை பேச்சா என்று நினைக்க வேண்டாம். அல்லாஹுத்தஆலா எழுதுகோலின் மீது ஆணையிட்டு ஓர் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறான். மனிதனுக்குப் பேனாவைக் கொண்டு கற்பித்ததாக முதல் வஹீயிலேயே குறிப்பிடுகிறான். நம் முன்னோர்கள் கலத்துக்கு எத்தகைய மரியாதை தந்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஹிஜ்ரி 597-ல் பக்தாதில் வஃபாத்தான இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், ஹதீஸ் எழுதிய நாணல் பேனாக்களைச் சீவியபோது விழுந்த தூள்களைச் சேர்த்து வைத்திருந்தார்களாம். தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் தண்ணீரை அவற்றால் காய்ச்சும்படி வஸிய்யத் செய்தார்கள் என்றும், காய்ச்சிய பிறகும் தூள் மிச்சமிருந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அது சீவச் சீவப் புதிதாகும் பேனா. தேய்ந்தால் சீவலாம், மை தீர்ந்தால் தொட்டுக்கொள்ளலாம்.

நாம் வாங்கிய பேனாவோ வேறு இனம். நார்முனைப் பேனாவை 1962-ல் ஜப்பானில் யூகியோ ஹோரியே என்பவர் உருவாக்கினார். கூட்டுக்குள்ளே பஞ்சுத்திரி போன்ற ஒரு நார்க்கட்டு மையை உறிஞ்சி வைத்திருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மை முனைக்கு வருகிறது. அடிமூடியைக் குறடால் இழுத்துக் கழற்றி, நீர்மையைச் சொட்டுச் சொட்டாக அந்தத் திரியில் விட்டால் மீண்டும் எழுதும். நாம் வீட்டில் ஊற்றுப் பேனா மையை ஊற்றிப் பார்த்தோம், எழுதியது. ஆனால் செய்தவர்கள் அதற்காகச் செய்யவில்லை. அடிமூடியில் ஒரு கீறல், விரலெல்லாம் மை, ஒளூச் செய்யுமுன் அதைத் தேய்த்துக் கழுவ அரை வாளித் தண்ணீர்.

இங்கேதான் ஓர் அறிவாளி நம்மை மடக்குவார். பதினைந்து ரூபாய்ப் பேனாவைக் காக்க ஒரு மாலை நேரத்தையும் செருப்பையும் தேய்த்தீரே, அது விரயமில்லையா? நியாயமான கேள்விதான். நேரமும் அமானிதமே. பத்து ரூபாய்ப் பொருளுக்காக நாற்பது ரூபாய் பஸ் சார்ஜ் செலவழிப்பவரைச் சிக்கனக்காரர் என்று மார்க்கம் புகழாது. ஆகவே ரீபில் தேடி அலைவது வாஜிப் என்று நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை.

ஆனாலும், விலை குறைவு என்பது எறிவதற்கு அனுமதிச் சீட்டாகாது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாக வந்த ஆடு செத்துக் கிடந்தது. அந்த வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலையாவது எடுத்துப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்ததாயிற்றே என்றார்கள் தோழர்கள். உண்பதுதான் ஹராம் என்று பதில் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. செத்த ஆட்டின் தோலுக்கு அன்று என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. அதில் பயன் மிச்சமிருக்கிறதா என்பதே கேள்வியாயிருந்தது. செல்வத்தை வீணடிப்பதை அல்லாஹ் வெறுக்கிறான் என்ற ஹதீஸும் ஸஹீஹானதே. முஆவியா (ரலி) அவர்கள் கேட்டதற்கிணங்க முகீரா (ரலி) அவர்கள் அதைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். அந்தப் போதனையும் ஒரு பேனாவின் வழியாகத்தான் நம்மை வந்தடைந்திருக்கிறது.

பதினைந்து ரூபாய் என்பதும் முழுக் கணக்கல்ல. மதுரை நகரத்துக் குப்பை அவனியாபுரம் வெள்ளக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் முகர்ந்த புகையை எந்தக் கடைக்காரரும் பில்லில் சேர்க்கவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பதினான்கு வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2022 ஜூலையில் மத்திய அரசும் ஒரு பட்டியல் போட்டது. பேனா இரண்டிலும் இல்லை. சட்டம் கேட்காத இடத்திலும் அடியானிடம் கேள்வி உண்டு.

அப்படியானால் விரயம் எந்த இடத்தில் நுழைந்தது? குப்பைக் கூடையருகே நின்று யோசிப்பதற்கு வெகு முன்பே, கடையில் பணத்தை நீட்டியபோதே நுழைந்துவிட்டது. திறக்க முடியாதபடி செய்த பொருளை, திறக்க முடிந்த பொருள் பக்கத்திலேயே இருக்க, வாங்கினோம். நமக்குத் தெற்கே சாத்தூரில் செய்த நிப்புகள் ஒரு காலத்தில் பேர் போனவை. நிப்பு போனால் நிப்பை மட்டும் மாற்றுவார்கள், பேனா அப்படியே இருக்கும். பால் பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலை நலிய வைத்தது. அதற்காக அழுது பயனில்லை. ஊற்றுப் பேனா இன்றும் கிடைக்கிறது, மை புட்டியும் கிடைக்கிறது.

நம் சொந்தப் பேனா நம்மோடு போகட்டும். மதரஸாவின் பேனா விஷயம் இதைவிடக் கடினமானது. வெண்பலகையில் எழுதும் மார்க்கர்களை யாரோ ஒரு நல்லவர் பிள்ளைகளின் ஓதலுக்கென்று தந்த பணத்தில் வாங்குகிறோம். மங்கியதும் ஜன்னல் ஓரம் வீசிவிட்டு அடுத்ததை உடைக்கிறோம். சொந்தப் பொருளை வீணாக்கியவன் தன் ரப்பிடம் பதில் சொல்வான். வக்ஃபுப் பொருளை வீணாக்கிய உஸ்தாது, கொடுத்தவருக்கும் சேர்த்தல்லவா பதில் சொல்ல வேண்டும்! இங்கே ரீபில் இல்லை என்ற சாக்கும் செல்லாது. வெண்பலகை மார்க்கருக்கென்றே மை புட்டி விற்கிறார்கள். நிரப்பக்கூடிய மார்க்கரை வாங்கினால் தீரத் தீர ஊற்றிக்கொள்ளலாம், முனை தேய்ந்தால் முனையையும் மாற்றலாம். பெர்மனென்ட் மையை மட்டும் மாற்றி ஊற்றிவிடக் கூடாது, பலகை கெட்டுவிடும். (அந்த மையில் ஆல்கஹால் இருக்கிறதே, அதனால் ஆயத் எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது தனி மஸ்அலா. இன்ஷா அல்லாஹ் வேறோர் இதழில் பார்ப்போம்.)

சென்ற வாரம் ஜன்னல் ஓரத்திலும் அலமாரியின் அடியிலும் பிள்ளைகளை விட்டுத் தேடச் சொன்னோம். இருபத்து மூன்று மார்க்கர்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்பது நிரப்பக்கூடியவை. முத்தவல்லி சாஹிபிடம் எண்ணிக் காட்டியதும், சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மை புட்டி என்ன விலை என்று கேட்டார்.