பிறர் பொருளில் அறம்: ராய் வஜெலோஸும் மெர்க் நிறுவனத்தின் மருந்துக் கொடையும்

தமக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் பிறருக்கு வழங்கினால் அது கொடையாகுமா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. மன்னர்களையும் கோயில் நிர்வாகிகளையும் முன்வைத்துக் கேட்கப்பட்ட அக்கேள்வி, இக்காலத்தில் பெருநிறுவனங்களின் தலைமைச் செயல் அதிகாரிகளிடம் வந்து நிற்கிறது. ஏனெனில் கொடுக்கும் அதிகாரம் முழுவதும் அவர்களிடம் இருக்க, கொடுக்கப்படும் பொருளோ பங்குதாரர்களுடையதாக இருக்கிறது. அந்த நிறுவனம் மருந்து செய்யும் நிறுவனமாக இருக்கும்போது கேள்வி இன்னும் கடுமையாகிறது. விற்பனைக்கு வைக்கப்படும் மற்றப் பண்டங்கள் கிடைக்காதவர் அவையின்றியும் வாழ்ந்துவிடக்கூடும். மருந்து கிடைக்காதவர் அதன் விலையைத் தம் உடலால் செலுத்துகிறார். 1985 முதல் 1994 வரை அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ராய் வஜெலோஸ், 1987 அக்டோபரில் ஒரு மருந்தை விலையின்றி வழங்குவதாக அறிவித்த நிகழ்ச்சி, இக்கேள்வியை அதன் முழு வடிவில் ஆராய இடம் தருகிறது.

வஜெலோஸ் வணிகக் கல்வியின் வழியாக அப்பதவிக்கு வந்தவர் அல்லர். கிரேக்கக் குடியேறிகளின் மகனாக 1929இல் நியூ ஜெர்சியில் பிறந்த அவர், ராவே நகரில் தம் குடும்பம் நடத்திய சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்து வளர்ந்தவர். அருகிலேயே இருந்த மெர்க் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் அங்கு உணவுண்ண வந்தபோது பேசிக்கொண்டவையே வேதியியலின்பால் அவரை ஈர்த்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வேதியியலும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பயின்று, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கொழுப்பு அமிலங்கள் உடலில் உருவாகும் முறையை ஆராய்ந்து, செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறைத் தலைவராக இருந்த பின்னரே, 1975இல் மெர்க்கின் ஆய்வுப் பிரிவுக்கு வந்தார். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளுள் முதலில் அங்கீகாரம் பெற்ற லோவாஸ்டாட்டின், 1987இல் அவர் தலைமையில்தான் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்த தலைவர் அவர் என்பதைக் கொடையைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடலாகாது. நட்டத்தில் மூழ்கிய ஒரு நிறுவனத்தில் அவருடைய முடிவு எந்த வடிவம் பெற்றிருக்கும் என்பது வேறு வினா.

விலையின்றி வழங்குவதாக அவர் அறிவித்த மருந்து தீர்க்க வந்த நோய், ஆற்றுக் குருட்டு நோய் எனப்படும் ஆன்கோசெர்சியாசிஸ். வேகமாக ஓடும் ஆறுகளில் இனப்பெருக்கம் செய்யும் ஒருவகைக் கருநிற ஈ கடிப்பதால் மனித உடலுக்குள் புகும் புழு, தோலுக்கடியில் முடிச்சுகளாகத் தங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகிறது. அந்த நுண்புழுக்கள் தோலில் பரவும்போது தாங்கொணா அரிப்பும், கண்ணை அடையும்போது படிப்படியான பார்வையிழப்பும் உண்டாகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் வளமான ஆற்றங்கரை ஊர்களை மக்கள் கைவிட்டு, விளைச்சல் குறைந்த மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்தமைக்கு இந்நோய் ஒரு காரணம். மருந்து வந்த காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர் இப்புழுவைத் தாங்கியிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருந்துக் கடையே இல்லாத ஊர்களில் வாழ்ந்த, பணப்புழக்கம் அரிதான உழவர்கள்.

இவர்களுக்காக இம்மருந்து தேடப்படவில்லை என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் கிட்டாசாட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த சடோஷி ஓமுரா, கவானாவில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரை மெர்க்குக்கு அனுப்பினார். அதிலிருந்து வில்லியம் கேம்பலின் குழுவினர் ஐவர்மெக்டின் என்ற மருந்தை ஆக்கினர். 2015இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆனால் அம்மருந்து ஆக்கப்பட்டது ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றின் குடற்புழுக்களை ஒழிப்பதற்காக. 1981 முதல் கால்நடைச் சந்தையில் அது பெரும் இலாபமும் ஈட்டியது. குதிரையின் புழு ஒன்றும் ஆப்பிரிக்க உழவரின் கண்ணைக் கெடுக்கும் புழுவும் நெருங்கிய உறவுடையவை என்பதைக் கவனித்துக் கேம்பல் எழுப்பிய யோசனையை, அப்போது ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த வஜெலோஸ் ஏற்றார். ஆப்பிரிக்காவில் பணியாற்றிய அனுபவமுடைய முகமது அசீஸ் என்ற மருத்துவர் 1981இல் செனகலில் மனிதரிடம் முதற்சோதனையைத் தொடங்கினார். அம்மக்களுடைய மீட்சி கால்நடைகளின் சந்தை மதிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எந்த அறவியலாலும் நியாயப்படுத்த இயலாத உண்மை. செயலின் அறத்தகுதி செய்பவரின் கட்டுப்பாட்டில் இல்லாத சூழல்களைச் சார்ந்திருப்பதை மெய்யியலார் அறநற்பேறு என்பர். வஜெலோஸுக்குக் கிடைத்த வாய்ப்பும் அத்தகையதே.

சோதனைகள் வெற்றி பெற்றபின் விலை என்ற சிக்கல் எழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறை உட்கொண்டால் போதும். பக்க விளைவுகள் குறைவு. ஆயினும் எவ்வளவு குறைந்த விலை வைத்தாலும் நோயாளிகளால் வாங்க இயலாது. வஜெலோஸ் முதலில் கொடையை நாடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தையும் அமெரிக்க அரசின் துறைகளையும் அணுகி, அவர்கள் மருந்தை வாங்கி வழங்குமாறு கேட்டார், எவரும் முன்வரவில்லை. அதன் பிறகே, தேவைப்படும் அனைவருக்கும் தேவைப்படும் காலம் வரை மருந்து இலவசமாக வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இயக்குநர் குழுவின் முன் ஒப்புதலைப் பெறாமலே அம்முடிவை எடுத்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

இச்செயலின் மீது இரண்டு தடைகள் எழுகின்றன. அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிலிருந்து வந்து, அதை நடுவில் நெருக்குகின்றன. முதலாவது, 1970இல் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் வலுவாக எடுத்துரைத்தது: நிறுவனத் தலைவர் உரிமையாளர்களின் ஊழியர், அவர்களுடைய பணத்தைச் சமூக நன்மைக்கென்று அவர் செலவிடும்போது, யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் வரி விதித்து அதைத் தாமே செலவும் செய்வதற்கு ஒப்பாகிறது. அரிஸ்டாட்டில் வள்ளன்மையை விளக்கும்போது, கொடுப்பவர் உரிய வழியில் வந்த தம் பொருளிலிருந்து கொடுக்க வேண்டும் என்று வைத்த நிபந்தனையும் இதனோடு இசைகிறது. இரண்டாவது, இமானுவல் காண்ட் 1785இல் முன்வைத்த வேறுபாட்டிலிருந்து பிறப்பது. விவரம் அறியாத வாடிக்கையாளரிடமும் நியாய விலையே வாங்கும் கடைக்காரர், வணிகம் நிலைக்க வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்தால், அவர் செயல் கடமைக்கு இசைவானதே தவிரக் கடமையின் பொருட்டுச் செய்யப்பட்டதன்று என்பார் காண்ட். மெர்க்குக்கு நற்பெயர் கிட்டியது. திறமையான அறிவியலாளர்கள் அதை நாடி வந்தனர். அமெரிக்கச் சட்டம் மருந்துக் கொடைகளுக்கு வரிச்சலுகையும் அளிக்கிறது. ஆகவே கொடை நிறுவனத்துக்குப் பயன் தந்தது என்றால் அதில் அறம் இல்லை. பயன் தரவில்லை என்றால் அது பிறர் பொருளை எடுத்துக் கொடுத்தது. இவ்விரு கூற்றுகளுக்கு இடையே அறத்துக்கு இடமே இல்லை என்று தோன்றும்.

இந்த நெருக்கடி, மருந்தைப் பணத்தைப் போலக் கருதுவதிலிருந்து பிறக்கிறது. பணத்தைக் கொடாமல் வைத்திருந்தால் அது உரிமையாளரிடம் பணமாகவே இருக்கும். வாங்க வழியற்றவருக்கு மட்டுமே தேவைப்படும் மருந்தைக் கொடாமல் வைத்திருந்தால், அது பங்குதாரரின் செல்வமாக மாறுவதில்லை. பங்குதாரர் இழந்தது உற்பத்திச் செலவையும் அனுப்பும் செலவையுமே; அவை சிறியவை அல்ல என்றாலும், மறுபுறம் வைக்கப்பட வேண்டியது மனிதரின் கண்பார்வை. அதனினும் முதன்மையானது காப்புரிமை, அதாவது ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் செய்து விற்காதபடி தடுக்க அரசு குறித்த காலத்துக்கு அளிக்கும் உரிமை. பிறரைத் தடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு தாமும் செய்யாமல் இருப்பவர் வெறுமனே சும்மா இருப்பவர் அல்லர். அவர் வழியை மறித்து நிற்பவர். ஆதலால் மெர்க் கொடுத்ததைத் தானம் என்பதைக் காட்டிலும், தனியுரிமையோடு ஒட்டிவந்த கடனைத் தீர்த்தது என்பதே பொருந்தும். கடனைத் தீர்ப்பதற்கு உள்நோக்கம் தூயதாக இருக்க வேண்டும் என்று கடன் கொடுத்தவர் கேட்பதில்லை. அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மெர்க், மருந்து மக்களுக்கானது, இலாபம் அதைத் தொடர்ந்து வருவது என்ற கொள்கையை 1950இலேயே பொதுமேடையில் அறிவித்திருந்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அதற்குப் பின் பங்கு வாங்கியவர்கள் அந்தக் கொள்கை தெரியாமல் வாங்கினார்கள் என்று சொல்ல இடமில்லை. ஓய்வூதிய நிதியத்தின் வழியே தம்மையறியாமல் பங்குதாரரான எளியவர்களுக்கு இந்த விடை முழுமையாகப் போதாது என்பது உண்மையே.

சமண மரபு உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுத்து, மருந்தை உணவோடு சேர்க்காமல் தனித்து வைத்தது. பசி நாள்தோறும் மீள்வது, நோயோ தீரக்கூடியது. ஆகவே மருந்தைக் கொடுப்பவர் நோய் தீரும்வரை கொடுத்தாக வேண்டும். பாதியில் நிறுத்தப்பட்ட மருந்து, கொடுத்ததையும் வீணாக்கிவிடும். ஐவர்மெக்டினில் இது கண்கூடு. அம்மருந்து நுண்புழுக்களை அழிக்கிறதே அன்றி முதிர்ந்த புழுவைக் கொல்வதில்லை. எனவே முதிர்ந்த புழுவின் ஆயுள் முடியும்வரை ஆண்டுதோறும் மருந்தளிப்பு தொடர வேண்டும். தேவைப்படும் காலம் வரை என்ற உறுதிமொழி, நோயின் இயல்பே கோரிய ஒன்று. ஆனால் ஒன்பது ஆண்டுகள் மட்டுமே பதவியிலிருந்த மனிதர் ஒருவர் பல பத்தாண்டுகளுக்கான வாக்கை எவ்வாறு கொடுக்க முடியும்?

தமிழகக் கோயில்களின் சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு விடை உண்டு. அணையா விளக்கு ஒன்றுக்காக ஆடுகளை வழங்கியவர், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது எரிய வேண்டும் என்று பொறித்ததோடு நில்லாமல், அறத்தைக் காக்கும் பொறுப்பைப் பன்மாகேசுவரர் என்னும் அடியார் கூட்டத்திடம் ஒப்படைத்தார். தம் வழித்தோன்றல்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அறத்தை விட்டுச்செல்லவில்லை. வஜெலோஸின் ஏற்பாடும் இத்தன்மையது. பெரியம்மை ஒழிப்பில் பெரும்பங்கு வகித்த வில்லியம் ஃபேகியின் தலைமையில் நிறுவனத்துக்கு வெளியே ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டு, யாருக்கு, எங்கே, எவ்வாறு மருந்து போக வேண்டும் என்பதை ஆராயும் பொறுப்பு அக்குழுவிடம் விடப்பட்டது. கொடுத்தவர் கொடையின் மீதான தம் பிடியைத் தளர்த்திக்கொண்டார். உள்நோக்கத்தின் தூய்மையைக் காட்டிலும் இதுவே அச்செயலின் அறத்துக்கு வலுவான சான்று. விளம்பரத்தை மட்டும் நாடுபவர் விநியோகத்தைத் தம் கைக்குள்ளேயே வைத்திருப்பார்.

கொடை ஒரு கையால் முடிந்ததுமன்று. ஊர் மக்கள் தாமே தேர்ந்தெடுத்த தொண்டர்கள், எடை பார்க்கும் கருவிக்குப் பதிலாக உயரத்தை அளக்கும் கோலை வைத்து மாத்திரையின் அளவைக் கணித்து, ஊதியமின்றி வீடுவீடாக வழங்கினார்கள். அந்தத் தொண்டர்கள் கொடுத்தது தங்கள் உழவு நாள்களை, முழுக்கத் தங்களுக்கே சொந்தமானதை. அரிஸ்டாட்டிலின் நிபந்தனையை ஐயத்துக்கிடமின்றி நிறைவேற்றியவர்கள் அவர்களே. அறவியல் நூல்கள் நிறுவனத் தலைவரைப் பற்றி எழுதிய அளவில் ஒரு சிறு பகுதியைக்கூட இவர்களைப் பற்றி எழுதாமை பெருங்குறை.

1998இல் யானைக்கால் நோய்க்கும் இக்கொடை விரிந்தது. கொலம்பியா 2013இலும் ஈக்வடார் 2014இலும் மெக்சிகோ 2015இலும் குவாத்தமாலா 2016இலும் ஆற்றுக் குருட்டு நோயின் பரவலை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. 2025இல் ஆப்பிரிக்க நாடுகளுள் முதலாவதாக நைஜர் அந்நிலையை எட்டியது. வஜெலோஸ் 1994இல் ஓய்வு பெற்றார். அடுத்தடுத்து வந்த தலைவர்கள் கொடையைத் தொடர்ந்தனர். அதே நிறுவனம் 1999இல் வெளியிட்ட வயாக்ஸ் என்னும் வலிநிவாரணி, மாரடைப்பு அபாயத்தை மிகுவிப்பதாகத் தெரிந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டதும், அபாயம் குறித்த அறிகுறிகளை நிறுவனம் கையாண்ட விதம் கடும் கண்டனத்துக்கு உள்ளானதும் வரலாறே. வாக்குறுதியை ஒரு நிறுவனத்துக்குள் நிலைநிறுத்த முடியும்; மனச்சான்றை அவ்வாறு நிலைநிறுத்த முடிவதில்லை.

வஜெலோஸ் தம் சொந்தச் செல்வத்தையும் வழங்கியவர். அவரும் அவர் மனைவி டயானாவும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு 25 கோடி டாலர் அளித்தனர். மாணவர்கள் கடன் வாங்காமல் படிக்க உதவித்தொகை வழங்குவதற்கே அதன் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டது. 2017இல் அக்கல்லூரி அவர்கள் பெயரைப் பெற்றது. தம் பொருள், உரிய வழி, தகுந்த பயன் என எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிய அந்தக் கொடையைப் பற்றி மெய்யியலாருக்கு விவாதிக்க ஏதுமில்லை. 1987இன் முடிவு அப்படியன்று. அது யாருடைய பொருள், எத்தகைய நோக்கம் என்ற இரு கேள்விகளுக்கும் அரைகுறை விடையே தரவல்லது. ஆயினும், தானமென்று புகழப்படுவதைக் காட்டிலும் கடனென்று கணக்கிடப்படுவதே அதற்குத் தகும் என்று ஏற்றுக்கொண்டால், அடுத்த கேள்வி காப்புரிமையைக் கையில் வைத்திருக்கும் மற்ற மருந்து நிறுவனங்களின் தலைவர்களை நோக்கித் திரும்புகிறது. வாங்க வழியற்றவருக்கு மட்டுமே தேவைப்படும் மருந்துகள் அவர்களிடமும் இருக்கின்றன.