வராதவரின் சுவர்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற பேச்சு வந்தாலே, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் வந்து நடு ஹாலில் உட்கார்ந்துகொள்கிறார். எதிர்காலத்தில் இந்த வீட்டை வாங்கப் போகிறவர். அவருக்கு ஐவரி பிடிக்கும், அடர்நிறம் ஆகாது என்று எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. வீட்டை விற்கும் எண்ணமே இல்லாத குடும்பங்களிலும் அவருக்கு ஒரு ஓட்டு உண்டு.

என் அம்மா 61 வயதில் ஹாலின் ஒரு சுவருக்குச் சிவப்பு கேட்டாள். லிப்ஸ்டிக் சிவப்பு இல்லை. அவள் பிறந்த வீட்டின் ரெட் ஆக்சைடு தரை, எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து மினுமினுக்குமே, அந்தச் செங்காவி. (காவி என்றதும் இப்போது வேறு ஏதோ நினைவுக்கு வருவது காலத்தின் கோளாறு. அம்மா சொன்னது கோலத்துக்குக் கரை கட்டுகிற காவி.) "கோயில் மதிலா கட்டப்போற?" என்றார் அப்பா. அண்ணன், "ரீசேல் வேல்யூ அடிவாங்கும்மா" என்றான். வராத அந்த மனிதருக்காக இரண்டு பேர் பேசினார்கள். முப்பத்துச் சொச்சம் வருஷம் அந்தச் சுவர்களுக்குள் இருந்தவளுக்காகப் பேச அவளைத் தவிர ஆள் இல்லை.

ஆனாலும் எதிர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. பிடிக்காத புடவையைப் பார்க்காமல் இருக்கலாம், பிடிக்காத புத்தகத்தை மூடிவிடலாம். சுவரை என்ன செய்ய? அதுவும் சிவப்பு சாதுவான நிறம் இல்லை. வெள்ளைச் சுவர் திருப்பித் தருகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை அடர்சிவப்பு விழுங்கிவிடும். சாயங்காலம் வெளிச்சம் குறையக் குறைய, நம் கண்ணுக்கு நீலங்களுக்கு முன்பே சிவப்பு இருண்டுவிடும். செக் விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஒருத்தியின் ஆசை எல்லாருடைய ஆறு மணியையும் மாற்றுகிறது. அவளுக்கு அந்த உரிமை உண்டா?

சிவப்பு அடித்தவர்கள் எல்லாரும் ஆசைக்காக அடித்தவர்களும் இல்லை. ஃபபேரியஸ் என்கிற ரோமானிய எழுத்தர், அவெந்தீன் குன்றில் இருந்த தன் வீட்டு முற்றத்துச் சுவர்களுக்குச் சாதிலிங்கச் சிவப்பு பூசினான். முப்பதே நாளில் அது திட்டுத்திட்டாகக் கறுத்து, வேறு நிறம் பூச வேண்டியதாயிற்று. வெயில் படுகிற இடத்துக்கு அது ஆகாது என்று விளக்க, கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்கிற கதை இது. வருகிறவன் போகிறவன் பார்த்து வாய்பிளக்க வேண்டும் என்று பூசிய சிவப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாதிலிங்கம் என்றால் பாதரசம். ஸ்பெயினில் தோண்டி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். அதை அரைத்துப் பக்குவம் பண்ணியவர்கள், தூசியை உள்ளே இழுக்காமல் இருக்க மிருகச் சவ்வால் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று பிளினி எழுதுகிறார். அந்த நிறத்தைக் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

அம்மா கேட்டது இரும்புத் துரு. செம்மண்ணைச் சிவப்பாக்குகிற அதே சரக்கு. மலிவு, வெயிலுக்கும் அசையாது.

அதிக நேரம் அந்தச் சுவரைப் பார்க்கிறவருக்கே உரிமை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா ரிட்டயர் ஆனதும் அந்தக் கணக்கு உதைத்தது. அவரும் இப்போது நாள் முழுக்க ஹாலில்தான். பிறகு தோன்றியது: மணிக்கணக்கை விட முறைக்கணக்கு மேல். இத்தனை வருஷத்தில் நிறம் தேர்ந்தெடுக்கும் முறை அவளுக்கு எத்தனை தடவை வந்தது? வெள்ளையடிக்கும்போது யாரும் யாரிடமும் காரணம் கேட்டதில்லை. அதுவும் ஒருவர் எடுத்த முடிவுதானே. யாரையும் உறுத்தாத நிறம் என்று சொல்கிறோம். உறுத்தினால் சொல்லக்கூடாது என்று பழக்கப்பட்டவர்களை அந்த 'யாரையும்' கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மேற்குச் சுவருக்கு மூன்று கோட் தேவைப்பட்டது. ட்யூப்லைட்டில் கொஞ்சம் செத்த மாதிரி இருந்ததால் அம்மா மஞ்சள் பல்பு மாட்டச் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டார், சிவப்பு முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி. அம்மா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். அவளுக்கு இப்போது இரண்டும் தெரிகிறது.