பள்ளிக்காக ஒரு வழிபாடா?

ஏழைக் குழந்தைகளின் கல்விக்கென இங்கிலாந்துத் திருச்சபையினர் 1811இல் ஒரு கழகம் நிறுவினர். இன்று அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அத்திருச்சபையைச் சார்ந்தது. அரசின் பணத்தில் நடப்பதால் கட்டணம் இல்லை.

அங்கே பிள்ளையைச் சேர்க்க விழையும் பிற நம்பிக்கையினர்முன் இரு வினாக்கள் எழுகின்றன. அன்றாட வழிபாட்டில் குழந்தை கலந்துகொள்ளலாமா என்பது முதலாவது. விலக்கு கேட்கும் உரிமையைச் சட்டமே பெற்றோருக்கு அளித்துள்ளது. ஆயினும், தோழர்கள் பாடும்போது தனியே அமரும் சிறுவனின் மனத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதே கடினமானது. இடம் போதாதபோது சில பள்ளிகள், தவறாது தேவாலயம் செல்லும் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருகின்றன. அதனால் நம்பிக்கையற்ற சிலரும் இடம் கிடைக்கும்வரை ஞாயிறுதோறும் சென்று வருகின்றனர். 'குழந்தையின் நலனுக்காகத்தானே!' என்பர். உள்ளதை உள்ளவாறு சொன்ன அண்டைவீட்டாரின் குழந்தையும் குழந்தையன்றோ? அதன் இடமல்லவா பறிபோகிறது?

மேலும், நான்கு வயதுக் குழந்தைக்கும் கண் உண்டு. பெற்றோர் எப்போது கைகூப்பத் தொடங்கினர், எப்போது நிறுத்தினர் என்பதை அது காணும். பள்ளியின் முதற்பாடத்திற்கு முன்னரே வீடு கற்பித்த பாடம் அது.

சமயம் கேளாது அருகிலுள்ளோரைச் சேர்க்கும் திருச்சபைப் பள்ளிகளும் பல உண்டு. அங்கே மறைக்காமல் கேட்போம். கிடைக்காவிடின் அடுத்த தெருப் பள்ளியே போதும். வாய்மையோடு சென்ற குழந்தை எங்கும் கற்கும்.